யார் கத்துகிறார்கள் பார்ப்போம்

பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது.

அவள் மறுபடி எண்ணினாள். திரையில் விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். சம்பளம், கிடங்கு, வண்டிப் பதிவு, புகார்கள், அஞ்சல் என்று பதினொன்றும் கையிலிருந்த தாளோடு ஒத்துப்போயின. பன்னிரண்டாவதற்குப் பெயரே இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கிருந்து வந்து தொலைந்தது இந்தச் சனியன் என்று வாய்விட்டே கேட்டாள். கேட்க அறையில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஊரே வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற நேரம். அவள் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் நாலாவது மாடியில், ஜன்னல் இல்லாத சர்வர் அறையில், ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏ.சி.யின் இரைச்சலும் சர்வர்களின் மின்விசிறி இரைச்சலும் ஒன்றாகச் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகி, பழகியபின் அதற்குள்ளிருந்து யாரோ பேசுவது போலவும் நிறுத்துவது போலவும் தோன்றத் தொடங்கும். எட்டு வருஷமாக அவளுக்கு அது பழக்கம்தான். சூடான தூசியும் ரப்பரும் கலந்த அந்த வாடையும் பழக்கம்தான்.

பெரிய சர்வரை யாரும் முழுசாக ஒரே வேலைக்குக் கொடுப்பதில்லை. அண்ணன் தம்பிகள் பெரிய வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வது மாதிரி, உள்ளே தடுப்புப் போட்டுப் பல சர்வர்களாகப் பிரிப்பார்கள். அந்தப் பிரிவுக்கு வி.எம். என்று பெயர். ஒவ்வொரு வி.எம்.மும் தான் மட்டும் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் குடியிருப்பது அதற்குத் தெரியாது. அறையில் இடதுபக்கம் நின்ற பழைய பெட்டியிலிருந்து அந்த வி.எம்.களை எல்லாம் வலதுபக்கம் நின்ற புதுப் பெட்டிக்குக் குடிமாற்ற வேண்டும். மாலை ஐந்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்து பழைய மின்லைனை வெட்டிவிடுவார். பழைய பெட்டியின் ப்ளக் புது லைனில் பொருந்தாது. மின்சாரம் போனால் தாங்குகிற பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

மேனேஜருக்குப் பெயர் 'அவசரம்'. அவர் அனுப்பும் எல்லாக் கடிதத்தின் தலைப்பும் அதுதான் என்பதால் ஆபீஸே வைத்த பெயர். அவருக்குப் போன் போட்டுப் பன்னிரண்டாவது யாருடையது என்று கேட்டாள். தெரியாது என்றார். சம்பளப் பிரிவில் கேட்டாள். எங்களோடது இல்லை. கிடங்கு மேற்பார்வையாளர், ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதியாச் சாப்பிட விடமாட்டீங்களா என்று கேட்டார். பெட்டி விற்ற கம்பெனியின் உதவி எண்ணில் இருபத்தைந்து நிமிஷம் பாட்டு ஓடியது, பிறகு லைன் அறுந்தது. இவர்களோடு நாய் படாத பாடு படுகிறோமே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வி.எம்.மின் விவரங்களைத் திறந்தாள். உருவாக்கிய தேதி, ஆறு வருஷம் நாலு மாசத்துக்கு முன்னால். உருவாக்கியவர் என்ற இடத்தில் அவளுடைய லாகின்.

தேதியை அவள் இரண்டு முறை பார்த்தாள். அது மறக்கக்கூடிய தேதி இல்லை. அன்று அவள் பிரசவ அறையில் கிடந்தாள். பதினாறு மணி நேர வலிக்குப் பிறகு, விடிகாலை நாலே காலுக்கு மகள் குட்டி பிறந்தாள். வி.எம். உருவான நேரமும் நாலே கால்தான். லீவில் இருந்தபோது எவனோ தன் பாஸ்வேர்டை எடுத்து விளையாடியிருக்கிறான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தோன்றியதும் ரத்தம் கொதித்தது. திரையின் ஓரத்தில் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுகிற ஜென்மங்கள் இருக்கிற ஆபீஸில் இது நடக்காமல் என்ன செய்யும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று மற்ற பதினொன்றையும் மாற்றத் தொடங்கினாள்.

ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. மிஞ்சியது அது ஒன்று.

உரிமையாளர் தெரியாத வி.எம்.முக்கு இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஆனால் எல்லோரும் செய்வார்கள். அதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாருடையதோ அவர்கள் அலறிக்கொண்டு போன் செய்வார்கள். யாரும் கத்தவில்லை என்றால் அது யாருக்கும் வேண்டாதது, அழித்துவிடலாம். யார் கத்துகிறார்கள் பார்ப்போம் என்பது ஆபீஸில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஒன்று பத்துக்கு அவள் நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினாள். பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது.

பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றினாள். ஒரு வாய் குடிப்பதற்குள் போன் அடித்தது. கிடங்கு மேற்பார்வையாளராகத்தான் இருக்கும், மனுஷன் மாட்டினார் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

அவள் கணவர். அவர் பேச வாயெடுப்பதற்கு முன்னாலேயே பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அடம்பிடிக்கும் அழுகை இல்லை, விழுந்து அடிபட்ட அழுகையும் இல்லை. ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல், ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டே இருக்கும் ஒரு கத்தல். குட்டியின் குரல்தான். ஆனால் ஆறு வயசுப் பிள்ளையின் நெஞ்சில் அவ்வளவு காற்று இருக்காது. படம் வரைந்துகொண்டிருந்தவள் திடீரென்று இப்படி ஆரம்பித்துவிட்டாள், கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்க்கவில்லை, தூக்கினால் கட்டை மாதிரி இருக்கிறாள் என்று அவர் உளறிக் கொட்டினார். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கீழே விழவில்லை, எதையும் விழுங்கவில்லை, காய்ச்சல் இல்லை. கிளம்பி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தவளின் கை, பாதியில் விட்டுப் போக வேண்டாமே என்ற பழக்கத்தில், தன்பாட்டுக்கு நிறுத்தியதை மறுபடி ஓடவிட்டது.

சாம்பல் புள்ளி பச்சையானது. போனில் கத்தல் நின்றது.

குறைந்து நிற்கவில்லை. கத்தரித்த மாதிரி நின்றது. அதன் பிறகு குட்டியின் சாதாரணக் குரல் கேட்டது. "அப்பா, லைட்டை யாரு அணைச்சது?"

நடுமத்தியானம். ஹாலில் வெயில் அடிக்கும் நேரம். அவர் நடுங்கின குரலில் சிரித்தார், கனவு கண்டிருப்பாள் போல, உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள், நீ வேலையை முடித்துவிட்டு வா என்றார். அவளும் சரி என்றாள். டீ ஆறிப்போயிருந்தது. மனசுக்குள் வந்த நினைப்பைப் பைத்தியக்காரத்தனம் என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டு, அவள் அடுத்த வழிக்குப் போனாள். நிறுத்தாமல் ஓடும்போதே நகர்த்துகிற வழி அது. உள்ளே இருப்பவர்களுக்கு வீடு மாறியதே தெரியாது. மற்ற பதினொன்றும் அப்படித்தான் போயின.

பத்து சதவீதம். இருபத்தைந்து. நாற்பத்தொன்றில் நின்றது.

அவள் காத்திருந்தாள். பழைய பெட்டியின் மின்விசிறி வேகம் கூட்டியது, புதுப் பெட்டியின் மின்விசிறியும் கூட்டியது, இரண்டின் இரைச்சலும் ஒன்றை ஒன்று பிடித்து இழுப்பது போல ஏறி ஏறி இறங்கின. நாற்பத்தொன்று. போன் அடித்தது. எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது, எடுத்தாள்.

"அவ கத்தல," என்றார் அவர், மிக மெதுவாக. "சும்மாதான் உக்காந்திருக்கா. தன்னோட இடது கையைத் தூக்கிக் காட்டி, இது யாரோடதுப்பான்னு கேக்குறா."

அவள் ரத்து செய்தாள். விரல் இரண்டு முறை வேறு எங்கோ பட்டது, மூன்றாவது முறை சரியாகப் பட்டது. நாற்பத்தொன்று பின்னோக்கி ஓடிப் பூஜ்யமானது. போனில் குட்டி தண்ணீர் கேட்பது கேட்டது. கை எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் கேட்கிறீர்கள் என்கிறாளாம்.

அதன் பிறகுதான் அவள் அந்த வி.எம்.மின் பழைய வரைபடத்தைத் திறந்தாள். எவ்வளவு வேலை செய்கிறது என்று மணிக்கு மணி காட்டும் கோடு. ஒவ்வொரு ராத்திரியும் ஒன்பதுக்குக் கோடு கீழே இறங்கியது. காலை ஆறரைக்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுக்கு. போன மாசம் மூன்று நாள் பகலிலும் அது தாழ்ந்தே கிடந்தது. குட்டி காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாள். பின்னோக்கிப் போகப் போக, ராத்திரிகளின் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கோடு எழும்பி எழும்பி அடங்கியது. பால் குடிக்க எழுந்த ராத்திரிகள். அவள் ஒவ்வொன்றிலும் கூடவே விழித்திருந்தவள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, பழைய பெட்டியை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு தன் குழந்தையிடமிருந்து விலகி நிற்கிறோம் என்று தோன்றியதும் மறுபடி பக்கத்தில் வந்தாள்.

மேனேஜரைக் கூப்பிட்டாள். லைனை ஒரு வாரம் வெட்டாதீர்கள் என்றாள். ஏன் என்றார். ஒரு வி.எம். மாற வரவில்லை என்றாள். அது யாருடையது என்று கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. யாருக்கும் வேண்டாத ஒன்றுக்காகக் கட்டட உரிமையாளரிடம் பல்லிளிக்கச் சொல்கிறீர்களா என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்தபடி பேசினார். அவள் கெஞ்சினாள். எட்டு வருஷத்தில் அந்த ஆளிடம் அவள் எதற்கும் கெஞ்சியதில்லை.

"ஒரு நாள் குடுங்க சார். ஒரே ஒரு நாள்."

"அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்," என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

நிறுத்தக் கூடாது. நகர்த்தவும் கூடாது. மிச்சம் ஒன்றுதான், நகல் எடுப்பது. ஓடுகிறதைத் தொடாமல், அதைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி இன்னொன்றைப் புதுப் பெட்டியில் எழுதுவது. மூன்றரைக்குத் தொடங்கினாள். குட்டியைக் கண்ணைவிட்டு அகற்ற வேண்டாம் என்று கணவரிடம் சொன்னாள். என்ன விஷயம் என்று கேட்டவரிடம் எரிந்து விழுந்தாள். பாவம், அவர் என்ன செய்வார். எழுபது நிமிஷம் அவள் அந்த நாற்காலியில் சதவீத எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றைத் தாண்டும்போது மூச்சு விடவில்லை. தாண்டியது. ஏ.சி. காற்று பின்கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ எதையோ எண்ணுவது போல இருந்தது, அவள் காதில் கைக்குட்டையைச் சுருட்டி அடைத்துக்கொண்டாள்.

நாலு நாற்பது. நூறு சதவீதம்.

இப்போது பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓடவிட வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது. அசலும் நகலும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டுக்கும் ஒரே முகவரி. வெளியிலிருந்து கூப்பிடுகிறவனுக்குப் பாதி பதில் இதனிடமிருந்து வரும், மீதி அதனிடமிருந்து வரும். இரண்டும் தான்தான் அசல் என்று அடித்துக்கொள்ளும். எத்தனையோ புதுப் பிள்ளைகளை இந்தத் தப்புக்காக அவளே வறுத்தெடுத்திருக்கிறாள்.

ஆனால் பழையதை நிறுத்தினால் அந்தக் கத்தல். அந்த இருட்டு. ஒரு நிமிஷமாக இருந்தாலும் பெற்றவள் கையால் அதை எப்படிச் செய்வது. முதலில் நகல் எழுந்து நிற்கட்டும், நின்றதும் பழையதை நிறுத்தலாம், அப்போது குட்டிக்கு எதுவும் தெரியாது. அப்படித்தான் நினைத்தாள். நகலை ஓடவிட்டாள்.

பச்சை. பக்கத்தில் இன்னொரு பச்சை.

போனைப் பார்த்தாள். அடிக்கவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு. கத்தல் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாடா என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கியது எல்லாம் வந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழையதை நிறுத்தக் கையை நீட்டினாள்.

போன் அடித்தது.

"யாரோ பெல் அடிச்சாங்க," என்றார் கணவர். அவர் குரல் ஒரு மாதிரி தட்டையாக இருந்தது. "திறந்தேன். வாசல்ல குட்டி நிக்கிறா."

"அவளை ஏங்க வெளிய விட்டீங்க?"

"விடல. அவ ஹால்ல உக்காந்திருக்கா. என் கண்ணு முன்னாடி."

போனைக் குட்டியிடம் கொடுக்கச் சொன்னாள். எந்தக் குட்டியிடம் என்று அவர் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"குட்டி, அம்மா பேசறேன். எங்கடா இருக்க?"

"அம்மா, நான்" என்றது ஒரு குரல், பக்கத்திலிருந்து. "வீட்லதான்" என்றது அதே குரல், தள்ளி, வாசலிலிருந்து. "இருக்" என்றது பக்கத்திலிருந்து. "கேன்" என்றது வாசலிலிருந்து.

ஒரு வாக்கியம். இரண்டு வாய்.

திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள். எதை நிறுத்துவது? பழையது அசல். அசல்தான் தன் பிள்ளை. அப்படியென்றால் நகலை நிறுத்த வேண்டும். நகலை நிறுத்தினால் ஐந்து மணிக்கு அசல் போய்விடும். அசலை நிறுத்தினால் மிஞ்சுவது நகல். வாசலில் நிற்பது.

விரல் பொத்தானின் மேலேயே நின்றது. அழுத்தவில்லை. அழுத்த முடியவில்லை.

மணி பார்த்தாள். நாலு ஐம்பத்து நாலு. ஓடினாள். காரிடாரின் கடைசியில் மின் அறை. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், வாய் நிறையச் சிரிப்பவர்.

"அண்ணா, லைனை வெட்டாதீங்க."

அவர் கையுறையைக் கழற்றினார். "வெட்டியாச்சே மேடம். சார் போன் பண்ணி, அஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிச்சுடுங்கன்னாரு. இப்பத்தான் வெட்டி டேப் சுத்தினேன்."

போன் இன்னும் கையில். கணவர் மூச்சுவிடுவது கேட்டது.

"ஒருத்திதான் இருக்கா," என்றார். "இப்ப ஒருத்திதான் இருக்கா."

"எவ?"

அவர் ஹால் பக்கம் நடக்கும் சத்தம் கேட்டது.

"ஹால்ல இருந்தவளா? சொல்லுங்க. ஹால்ல இருந்தவளா?"

"ஹால்ல யாரும் இல்ல," என்றார். "பென்சில் மட்டும் உருண்டுட்டு இருக்கு."

பின்னாலிருந்து கத்தல் கேட்டது. போனிலிருந்து இல்லை. எலக்ட்ரீஷியனும் திரும்பிப் பார்த்தார். காரிடாரின் மறுகோடியிலிருந்து வந்தது. திறந்து கிடந்த சர்வர் அறையிலிருந்து. ஒரே சுருதி. மூச்சு வாங்காமல்.

அவள் திரும்பி ஓடினாள். பழைய பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. மின்விசிறி நின்றுவிட்டது. ஒயர் செத்துத் தொங்கியது. உள்ளிருந்து குட்டி கத்திக்கொண்டிருந்தாள். இரும்பின் மேல் கைகளை வைத்தாள். அதிர்ந்தது. கன்னத்தை வைத்தாள். சூடு இன்னும் இருந்தது, குழந்தையின் நெற்றி அளவுக்குச் சூடு, ஆறிக்கொண்டிருந்தது. அம்மா இங்கதான் இருக்கேன் என்றாள். இங்கதான்டா இருக்கேன். நகத்தால் பெட்டியின் விளிம்பைப் பிறாண்டினாள். கத்தல் குறையவில்லை. ஆனால் ஆழத்துக்குப் போனது. கிணற்றுக்குள் போவது போல, கொஞ்சம் கொஞ்சமாக.

கீழே விழுந்து கிடந்த போனில் அவள் கணவர் அழுதுகொண்டிருந்தார். அதற்கு மேலாக, தெளிவாக, அவசரமே இல்லாமல், குட்டியின் குரல் கேட்டது.

"அம்மா, அங்க என்ன சத்தம்?" என்றது. "அதை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வா."